கேக் போகிறது, நீங்கள் போகவில்லையே

கேள்வி:

வணக்கம் பாதர். நான் கொட்டாஞ்சேனையில் இருக்கிறேன். வயது 58. கணவர் காலமாகிவிட்டார். மகனும் மகளும் என்னோடுதான். எங்கள் பங்கில் கரோல் குழுவைப் பல வருடமாக நான்தான் நடத்தி வருகிறேன். நத்தாருக்கு முந்திய திருவருகைக் காலம் தொடங்கியதிலிருந்து வெள்ளிதோறும் ஒருசந்தி நோன்பு இருக்கிறேன். பாவசங்கீர்த்தனமும் செய்தாயிற்று. செபமாலை தவறுவதில்லை. ஆனாலும் மனம் கல்லாகத்தான் கிடக்கிறது.

காரணம் என் தங்கை. வெள்ளவத்தையில் இருக்கிறாள். அம்மாவைக் கடைசி ஆறு வருடமும் பார்த்தது நான். அம்மா தன் விருப்பத்தோடு, நொத்தாரிசு முன்னிலையில், வீட்டை என் பெயருக்கு எழுதினார். அம்மா இறந்து நாலு வருடம் ஆகிறது. அடக்கத்துக்கு வந்தவள் 31ஆம் நாள் பூசைக்கு வரவில்லை. அன்றிலிருந்து பேச்சில்லை. நான் ஏமாற்றி எழுதி வாங்கிவிட்டேன் என்று சொந்தத்துக்குள் சொல்லித் திரிகிறாள். அம்மா போகிற நேரம் தன்னைக் கூப்பிடவில்லை என்றும் ஒரு கதை.

இவ்வளவுக்குப் பிறகும் ஒவ்வொரு நத்தாருக்கும் அம்மா செய்த முறைப்படியே கேக் செய்து மகனிடம் கொடுத்து அனுப்புகிறேன். போன வருடம் பெட்டியைத் திறக்காமலே திருப்பி அனுப்பிவிட்டாள். கட்டிய ரிப்பன்கூட அவிழவில்லை. பூசையில் தாழ்மை, தாழ்மை என்று கேட்கும்போது எனக்கு ஆத்திரந்தான் வருகிறது. இன்னும் எத்தனை தரம் நான் இறங்கிப் போக வேண்டும்? இந்த மனதோடு நற்கருணை வாங்கலாமா? கரோல் குழுவை நடத்தலாமா? மகளிடம் சொன்னால், "நீங்க யார் சொல்றதையும் கேக்கிறதில்லம்மா" என்கிறாள்.

கொட்டாஞ்சேனை வாசகி

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

நற்கருணையையும் கரோல் குழுவையும் பற்றிய கேள்விகளுக்குப் பதில் சின்னது. அதைக் கடைசியில் சொல்கிறேன். முதலில் உங்கள் கடிதத்தைப் பற்றிப் பேச வேண்டும்.

மேலே இருப்பது அதன் சுருக்கம். நீங்கள் அனுப்பிய கடிதத்தில் வீட்டு உறுதிப்பத்திரத்தைப் பற்றி மட்டும் மூன்று பக்கத்துக்கு மேல் இருக்கிறது. நொத்தாரிசு எத்தனை மணிக்கு வந்தார், சாட்சிக்கு யார் யார் நின்றார்கள், அன்று அம்மா என்ன சேலை உடுத்தியிருந்தார், கையெழுத்து வைத்த பிறகு என்ன சொன்னார், எல்லாம் இருக்கிறது. தங்கையின் மற்ற முறைப்பாட்டுக்கு ஒரே ஒரு வரி: "அம்மா போகிற நேரம் தன்னைக் கூப்பிடவில்லை என்றும் ஒரு கதை." கூப்பிட்டீர்களா, இல்லையா என்று நீங்கள் எழுதவில்லை. இந்த நாலு வருட மௌனத்துக்கு வேர் எங்கே என்று என்னைக் கேட்டால், அந்த ஒரு வரியில்தான் விரல் வைப்பேன்.

குடும்பங்களோடு உட்கார்ந்து பேசுவது என் வேலையில் பெரும்பங்கு. வீடு, காணி, நகை என்று வருகிற சண்டைகளுக்கு அடியில் பெரும்பாலும் வேறொன்று கிடக்கும். பங்கைக் கேட்பது சுலபம். "அம்மாவின் கையைக் கடைசியாகப் பிடிக்க எனக்குக் கிடைக்கவில்லையே" என்பதை யாரிடம் கேட்பது? அதற்கு எந்த நீதிமன்றத்திலும் வழக்கு வைக்க முடியாது. ஆகவே அந்தத் துக்கம் வீட்டின் மேல் ஏறி உட்கார்ந்துகொள்கிறது. உங்கள் தங்கையின் விஷயத்தில் நான் நினைப்பது தவறாகவும் இருக்கலாம். நான் அவரைக் கண்டதில்லை. ஆனால் நீங்களும் நாலு வருடமாகக் காணவில்லை.

இப்போது யோசேப்பைப் பற்றிக் கொஞ்சம் சொல்கிறேன். திருவருகைக் காலத்தில் நாங்கள் திருமுழுக்கு யோவானைப் பற்றிப் பிரசங்கம் வைப்போம், அன்னை மரியாவைப் பற்றி வைப்போம். யோசேப்பு குடிலின் ஓரத்தில் கையில் கோலோடு நிற்பார், அவ்வளவுதான். ஆனால் டிசம்பர் 18ஆம் திகதித் திருப்பலியில் வருடந்தோறும் வாசிக்கிற நற்செய்தி அவருடையது. மத்தேயு முதல் அதிகாரம். தனக்கு மண ஒப்பந்தமான பெண் கருவுற்றிருக்கிறாள் என்று அவருக்குத் தெரிகிறது. அந்தக் காலத்துச் சட்டப்படி அவர் அவளை ஊர் முன்னால் நிறுத்தியிருக்கலாம். அவர் நேர்மையாளர், அதைச் செய்ய மனமில்லை. அவளுக்கு அவமானம் வராமல் மறைவாக விலக்கிவிடத் தீர்மானிக்கிறார்.

இது ஒரு நல்ல மனிதனின் முடிவு. யாரும் குறைசொல்ல முடியாது. கோபமில்லை, பழிவாங்கல் இல்லை. அந்த இடத்தில் நாம் இருந்தால் அந்த அளவுக்காவது போயிருப்போமா என்பது சந்தேகம். ஆனால் கடவுள் அந்த முடிவோடு திருப்திப்படவில்லை. "மரியாவை ஏற்றுக்கொள்ள அஞ்ச வேண்டாம்" என்கிறார் தூதர். யோசேப்பு எழும்புகிறார், தான் செய்து முடித்த நியாயமான தீர்மானத்தைக் கைவிடுகிறார், அவளை வீட்டுக்குள் அழைத்துக்கொள்கிறார். நான்கு நற்செய்திகளிலும் அவர் பேசியதாக ஒரு சொல்கூட இல்லை. கேட்டார், செய்தார்.

கெட்ட முடிவைக் கைவிடுவதற்கு மனந்திரும்புதல் போதும். நல்ல முடிவைக் கைவிடுவதற்குத்தான் தாழ்மை வேண்டும். "நான் செய்ததில் பிழை இல்லை, ஆனாலும் கடவுள் இன்னும் ஏதோ சொல்ல வருகிறார், அதையும் கேட்கிறேன்" என்று காதைத் திறந்து வைப்பது லேசான காரியமல்ல. நேர்மையாக வாழ்கிறவர்களுக்கு அது இன்னும் கடினம். நீங்கள் நேர்மையாக வாழ்கிறவர் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

உங்கள் கேக்கும் யோசேப்பின் முதல் முடிவைப் போன்றதுதான். தங்கையை நீங்கள் ஊரறியத் திட்டவில்லை. வழக்குக்கு இழுக்கவில்லை. நத்தாருக்கு மறக்கவுமில்லை. முந்திரிகை வத்தலை நவம்பரிலேயே ஊறப்போட்டு, கஜு நறுக்கி, ரவை வறுத்து, தங்கநிறத் தாள் சுற்றி, அம்மா போடுகிற அதே இரட்டை முடிச்சோடு ரிப்பன் கட்டி அனுப்புகிறீர்கள். எல்லாம் சரி. ஆனால் அந்தப் பெட்டியை வெள்ளவத்தையில் கையில் வாங்குகிறவரின் இடத்தில் ஒரு நிமிடம் நின்று பாருங்கள். அம்மாவின் வீட்டு அடுப்பிலிருந்து வருகிறது. அம்மாவின் கைப்பக்குவம். அம்மாவின் முடிச்சு. அனுப்புகிறவர் கடைசிவரை அம்மாவோடு இருந்தவர். வாங்குகிறவர் கடைசி நேரத்தில் இல்லாதவர். அந்த ரிப்பனை அவிழ்க்க அவருக்கு ஏன் கை வரவில்லை என்று எனக்குக் கொஞ்சம் விளங்குகிறது. உங்களை அவமதிக்கத்தான் திருப்பி அனுப்பினார் என்று நினைத்திருக்கிறீர்கள். திறந்தால் அழுகை வரும் என்பதால் அனுப்பியிருக்கலாம் என்று ஒருமுறைகூட நினைத்துப் பார்க்கவில்லையா?

"எத்தனை தரம் இறங்கிப் போவது?" என்று கேட்கிறீர்கள். நான் அன்போடுதான் சொல்கிறேன், நீங்கள் இன்னும் ஒரு தரமும் போகவில்லை. போனது மகன். கேக் போகிறது, நீங்கள் போகவில்லையே.

பரிசு கொடுப்பது நல்லது. ஆனால் கொடுக்கிறபோது நாம் மேலேதான் நிற்கிறோம். எதைக் கொடுப்பது, எப்போது கொடுப்பது, எவ்வளவு கொடுப்பது எல்லாம் நம் கையில். வாங்குகிறவருக்கு ஒன்று வாங்கலாம், அல்லது மறுக்கலாம், அவ்வளவுதான். நத்தாரில் கடவுள் எந்தப் பக்கத்தில் வந்து நின்றார் என்று பாருங்கள். வானத்தையும் பூமியையும் கொடுத்தவர் வாங்குகிற பக்கத்தில் வந்தார். பால் கொடுக்க ஒருத்தி வேண்டும், துணி சுற்ற ஒருத்தி வேண்டும், கிடத்த யாரோ ஒருவருடைய தீவனத் தொட்டி வேண்டும். தம்மையே வெறுமையாக்கினார் என்று பவுல் பிலிப்பியருக்கு எழுதுவது வெறும் அலங்காரப் பேச்சல்ல. வளர்ந்த பிறகும் அவர் அப்படித்தான். சமாரியப் பெண்ணிடம் அவர் முதலில் பேசியது போதனை அல்ல, "குடிக்க எனக்குத் தண்ணீர் கொடும்" என்ற வேண்டுகோள். யூதரும் சமாரியரும் ஒருவரோடொருவர் பழகாத அந்தக் காலத்தில், அவளிடம் கை நீட்டிக் கேட்டதே அவள் மனம் திறக்கக் காரணமாயிற்று.

நம் தீவின் திருச்சபைக்கும் இப்படி ஒரு தொடக்கம் உண்டு. 2015 ஜனவரி 14ஆம் திகதி காலிமுகத்திடலில் பாப்பரசர் பிரான்சிஸ் யோசேவாஸ் அடிகளைப் புனிதராக அறிவித்தபோது நீங்களும் அந்தக் கூட்டத்தில் இருந்திருப்பீர்கள். கோவாவில் உயர்சாதிக் குடும்பத்தில் பிறந்த குரு அவர். ஒல்லாந்தர் கத்தோலிக்கக் குருக்களைத் தடைசெய்திருந்த காலத்தில், 1687இல், கூலியாள் வேடத்தில் யாழ்ப்பாணத்துக்கு வந்தார். கத்தோலிக்கர் எங்கே இருக்கிறார்கள் என்று கண்டுபிடிக்க அவருக்கு வேறு வழியில்லை. கழுத்தில் செபமாலையோடு வீடு வீடாகப் போய்ப் பிச்சை கேட்டார். செபமாலையைக் கண்டு யாருடைய முகம் மாறுகிறது என்று பார்த்தார். மறைந்து வாழ்ந்த சனங்கள் மெல்ல மெல்ல அவரை அறிந்துகொண்டார்கள். திருவருட்சாதனங்களைக் கொடுக்க வந்தவர் முதலில் ஒரு பிடி சோற்றை வாங்கிக்கொண்டார். கையில் எல்லாம் நிறைய வந்திருந்தால், மாறுவேடத்திலும் அவரை யாரும் நம்பியிருக்க மாட்டார்கள் என்றுதான் நான் நினைக்கிறேன்.

ஆகவே இந்த வருடம் நீங்கள் கொடுக்க வேண்டாம். போய் வாங்கிக்கொள்ளுங்கள். என்ன வாங்குவது, எப்படி வாங்குவது என்று சொல்கிறேன். அதற்கு முன் ஒரு விஷயம்.

நீங்கள் ஆத்திரம் என்று எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அதில் பயமும் தெரிகிறது. தூதர் யோசேப்பிடம் "கோபப்படாதே" என்று சொல்லவில்லை, "அஞ்ச வேண்டாம்" என்றார். அங்கே போனால் தங்கை அந்த ஒரு கேள்வியைக் கேட்பார், "ஏன் என்னைக் கூப்பிடவில்லை?" என்று. அதற்குப் பதில் உங்களிடம் இருக்கிறதோ, இல்லையோ, அதை நேருக்கு நேர் கேட்கப் பயமாக இருக்கிறது. பயத்தில் மனதை மூடிக்கொள்வது பாவம் என்று நான் சொல்ல மாட்டேன். 2019 ஏப்ரல் 21ஆம் திகதி, உயிர்த்த ஞாயிறு குண்டுத் தாக்குதல்களுக்குப் பிறகு கொழும்பில் நாங்கள் ஆலயக் கதவுகளையே பூட்டி வைத்தோம். ஞாயிறு பூசையை வீட்டில் தொலைக்காட்சியில் பார்த்த அந்த வாரங்கள் உங்களுக்கு மறந்திருக்காது. குண்டு வெடித்த கொச்சிக்கடை ஆலயம் உங்களுக்கு நடந்து போகிற தூரம். அன்று இழந்தவர்களில் உங்களுக்குத் தெரிந்தவர்களும் இருந்திருப்பார்கள். பூட்டியது தப்பில்லை, அது அந்த நேரத்துக்கு வேண்டியிருந்தது. ஆனால் பூட்டியபடியே விட்டுவிடவில்லை. சனங்கள் பயத்தோடுதான் திரும்பி வந்தார்கள். பையைத் திறந்து காட்டிவிட்டு, கை நடுங்க நடுங்க உள்ளே வந்து முழந்தாளிட்டார்கள். பயம் போகட்டும், பிறகு வருகிறோம் என்று யாரும் காத்திருக்கவில்லை. நீங்களும் பயம் போகும்வரை காத்திருக்க வேண்டாம்.

ஒருசந்தியைப் பற்றியும் சொல்ல வேண்டும். திருவருகைக் காலத்தில் திருச்சபை ஒருசந்தியைக் கட்டளையாக விதிக்கவில்லை. இது தபசு காலம் அல்ல. ஊதா உடுத்துகிறோம், "உன்னதங்களிலே" பாடலை நத்தார் இரவுக்கென்று நிறுத்தி வைக்கிறோம், ஆனால் அல்லேலூயாவை நிறுத்துவதில்லை. மூன்றாம் ஞாயிறு மகிழ்ச்சியின் ஞாயிறு. எதிர்பார்த்திருப்பதுதான் இந்தக் காலத்தின் குணம். விரும்பி இருக்கிற ஒருசந்தியை நான் தடுக்கவில்லை, அதனால் நன்மை உண்டு. ஆனால் ஒருசந்தி நீங்கள் தனியே செய்யக்கூடியது. செபமாலையும் தனியே சொல்லக்கூடியது. அங்கே யாரும் குறுக்கே வந்து "அக்கா, நீங்க செய்தது எனக்கு நோகுது" என்று சொல்லப் போவதில்லை. மனம் கல்லாகக் கிடக்கிறது என்கிறீர்கள். இன்னொரு மனிதரின் சொல் உள்ளே வந்தால்தான் இளகுகிற மாதிரியான கல் இது என்று நினைக்கிறேன். உங்கள் மகள் சொல்வதும் அதைத்தான்.

ஏரோது மறைநூல் அறிஞர்களைக் கூப்பிட்டு மெசியா எங்கே பிறப்பார் என்று கேட்ட கதை உங்களுக்குத் தெரியும். அவர்கள் தயங்காமல் மீக்கா இறைவாக்கினரின் நூலைச் சொல்லிப் பெத்லகேம் என்றார்கள். பதில் முழுக்கச் சரி. எருசலேமிலிருந்து பெத்லகேம் ஏறக்குறைய 9 கிலோமீற்றர். தூர தேசத்திலிருந்து வந்த ஞானிகள் போனார்கள். சரியான பதில் தெரிந்தவர்களில் ஒருவரும் போனதாக மத்தேயு எழுதவில்லை. நான் இதைப் பிரசங்கிக்கிறபோதெல்லாம் என்னையே கேட்டுக்கொள்கிற கேள்வி இது, ஏனென்றால் சரியான பதில்களைச் சொல்வது என் தொழில். உங்கள் வீட்டிலிருந்து வெள்ளவத்தையும் ஏறக்குறைய அதே தூரந்தான்.

இனி, செய்யக்கூடியவை.

முதலில் மகனிடம் பேசுங்கள். வருடாவருடம் அந்தப் படியேறிக் கதவைத் தட்டியது அவர். சித்தி என்ன சொன்னார், உள்ளே கூப்பிட்டாரா, சாப்பிட்டாயா என்று கேட்டாரா, முகம் எப்படி இருந்தது, மெலிந்திருந்தாரா? உங்கள் நீண்ட கடிதத்தில் இதில் ஒன்றுமே இல்லை. நீங்கள் கேட்டிருக்க மாட்டீர்கள், அவரும் சொல்லியிருக்க மாட்டார். பிள்ளைகள் இருவரும் சித்தியோடு வாட்ஸ்அப்பில் பேசிக்கொண்டிருந்தாலும் நான் ஆச்சரியப்பட மாட்டேன். அப்படி என்று தெரிந்தால் கோபிக்காதீர்கள். அது துரோகம் அல்ல, இந்தக் குடும்பத்தில் இன்னும் அறுபடாமல் இருக்கிற நூல் அது.

பிறகு, டிசம்பர் 24ஆம் திகதிக்கு முன்பாக, ஒரு சாதாரண நாளில் போங்கள். திருநாளன்று போனால் அது திருநாள் மரியாதையாகிவிடும். தனியே போங்கள். கேக் வேண்டாம், பலகாரம் வேண்டாம், பிள்ளைகளுக்கு உடுப்பும் வேண்டாம். நம் பழக்கத்துக்கு வெறுங்கையோடு ஒரு வீட்டுக்குப் போவது கூச்சமாகத்தான் இருக்கும். அந்தக் கூச்சத்தோடேயே போங்கள். போகிற விஷயத்தை ஒரு குறுஞ்செய்தியில் சொல்லிவிடுங்கள், திடீரென்று கதவில் நிற்பது அவருக்கு நெருக்கடியாக இருக்கும்.

உள்ளே விட்டால், தேத்தண்ணி கேளுங்கள். அவர் கேட்பதற்காகக் காத்திருக்காமல் நீங்களே கேளுங்கள். "களைப்பா இருக்கு, ஒரு பிளேன்டீ தாறியா?" போதும். அதற்குப் பிறகு ஒரே ஒரு கேள்வி: "அம்மா போன அன்றைக்கு உனக்கு என்ன நடந்தது? நான் ஒருநாளும் கேட்டதில்லை, இப்போது கேட்கிறேன்." கேட்டுவிட்டு வாயை மூடிக்கொள்ளுங்கள். அவர் அரைமணி நேரம் பேசலாம். சில இடங்களில் அவர் சொல்வது பிழையாக இருக்கும், நாள் பிழையாக இருக்கும், யார் என்ன சொன்னார் என்பது பிழையாக இருக்கும். திருத்த வேண்டாம். ஆறு வருடம் நீங்கள் பட்ட பாட்டை, இரவில் கண்விழித்ததை, வைத்தியசாலைக்கும் வீட்டுக்கும் அலைந்ததை அன்றைக்குச் சொல்ல வேண்டாம். அந்தப் பாட்டைக் கடவுள் பார்த்திருக்கிறார். தங்கையும் ஒருநாள் கேட்பார். ஆனால் முதல் நாளிலேயே இரண்டு துக்கத்தையும் தராசில் வைத்தால், எது கனம் என்ற சண்டைதான் மிஞ்சும்.

கூப்பிட்டீர்களா என்று அவர் கேட்டால் உண்மையைச் சொல்லுங்கள். கூப்பிட்டுத் தொலைபேசி கிடைக்காமல் போயிருந்தால் அப்படியே சொல்லுங்கள். அந்தப் பதற்றத்தில் மறந்திருந்தால், அல்லது காலையில் சொல்லலாம் என்று நினைத்திருந்தால், அதைச் சொல்லிவிட்டு, "அது உனக்குச் செய்த பெரிய அநியாயம், என்னை மன்னித்துக்கொள்" என்று நிறுத்துங்கள். அடுத்த சொல் "ஆனால்" என்று தொடங்கினால், அந்த மன்னிப்பு அங்கேயே செத்துவிடும்.

அவர் கதவைத் திறக்காமலும் இருக்கலாம். திறந்து, கத்தவும் செய்யலாம். கத்தினால் கேட்டுக்கொண்டு நில்லுங்கள், உங்களால் தாங்க முடிகிற அளவுக்கு. தாங்க முடியாவிட்டால், "இன்னொரு நாள் வருகிறேன்" என்று சொல்லிவிட்டு வாருங்கள். வந்து சொந்தக்காரர்களிடம் "நானே போனேன், அவள் இப்படிச் செய்தாள்" என்று சொல்லாதீர்கள். சொன்னால், நீங்கள் போனது தங்கையைப் பார்க்க அல்ல, சொந்தத்தின் முன்னால் வெல்லத்தான் என்று ஆகிவிடும்.

வீட்டைப் பற்றி இரண்டு வார்த்தை. தாழ்மை என்பதற்காக வீட்டை எழுதிக் கொடுக்கச் சொல்லி நான் ஒருநாளும் சொல்ல மாட்டேன். அம்மா தன் சுயவிருப்பத்தில் எழுதியது என்றால் அது உங்களுடையது. அதில் பேச வேண்டியது இருந்தால் சட்டத்தரணியோடு பேசுங்கள். இருவரும் சம்மதித்தால் உங்கள் பிரதேசத்து மத்தியஸ்த சபைக்கும் போகலாம். 1988ஆம் ஆண்டின் 72ஆம் இலக்கச் சட்டப்படி அமைந்த சபைகள் அவை, நீதிமன்றப் படி ஏறாமல் இரு தரப்பையும் உட்கார வைத்துப் பேசுவதற்கென்றே இருப்பவை. அந்தப் பேச்சு வேறு நாளில், வேறு மேசையில் நடக்கட்டும். முதல் சந்திப்புக்கு உறுதியின் பிரதியைக் கைப்பையில் வைத்துக்கொண்டு போகாதீர்கள். பைக்குள் இருந்தால் வெளியே எடுக்கத் தோன்றும்.

இனி நற்கருணை. பலிபீடத்துக்குக் காணிக்கையோடு வருகிறபோது, சகோதரருக்கு உங்கள்மேல் மனத்தாங்கல் உண்டென்று நினைவு வந்தால், காணிக்கையை அங்கேயே வைத்துவிட்டுப் போய் முதலில் நல்லுறவாகுங்கள் என்று ஆண்டவர் மலைப்பொழிவில் சொல்கிறார். யார் பக்கம் நியாயம் என்று அவர் அங்கே கேட்கவில்லை என்பதைக் கவனியுங்கள். மற்றவருக்கு மனத்தாங்கல் இருக்கிறதா என்பதுதான் கேள்வி. ஆகவே நீங்கள் போகத்தான் வேண்டும். அதே நேரம், "உங்களால் முடிந்தமட்டும்" எல்லோரோடும் சமாதானமாக வாழுங்கள் என்று பவுல் உரோமையருக்கு எழுதினார். தங்கை ஏற்றுக்கொள்வது உங்கள் கையில் இல்லை. போக மனம் வைத்து, வழி தேடிக்கொண்டிருக்கிற ஒருவர் நற்கருணையிலிருந்து விலகி நிற்க வேண்டியதில்லை. வாங்குங்கள். மனம் கல்லாக இருப்பதால்தான் வாங்குங்கள். பாவசங்கீர்த்தனத்தில் இந்த விஷயத்தை ஏற்கெனவே சொல்லியிருந்தால் திரும்பச் சொல்ல வேண்டியதில்லை. சொல்லவில்லையென்றால் நத்தாருக்கு முன் ஒருமுறை போய், உறுதியை விட்டுவிட்டு, அந்த ஒரு வரியைச் சொல்லுங்கள்.

கரோல் குழுவை விட வேண்டாம். உங்கள் குரலும் ஒழுங்கும் அந்தப் பிள்ளைகளுக்குத் தேவை. இந்த வருடம் ஒரு மாற்றம் மட்டும் செய்து பாருங்கள். ஜம்பட்டா வீதிப் பக்கத்துத் தோட்டங்களிலும் மாடி வீடுகளிலும் தனியே இருக்கிற வயதானவர்கள் எத்தனையோ பேர். வழக்கமாக மூன்று பாட்டுப் பாடி, நத்தார் தாத்தா ஆடி, உண்டியலை நீட்டி, அடுத்த வீட்டுக்கு ஓடுகிறோம். ஓரிரு வீடுகளிலாவது கிற்றாரைக் கீழே வைத்துவிட்டு உட்காருங்கள். அவர்கள் தருகிற இஞ்சித் தேத்தண்ணியைக் குடியுங்கள், அவர்கள் பிள்ளைகளைப் பற்றிச் சொல்கிற கதையைக் கேளுங்கள். பாட்டைவிட அதுதான் அவர்களுக்கு வேண்டியிருக்கும். உங்கள் மகளையும் கூட்டிக்கொண்டு போங்கள்.

தங்கையிடம் போய்வந்த பிறகு, நடந்தது நல்லதோ கெட்டதோ, எனக்கு எழுதுங்கள். உங்கள் இருவரின் பெயரையும் சொல்லி ஒவ்வொரு நாள் பூசையிலும் செபிக்கிறேன்.